பத்து நிமிடச் சாவி

பெய்ரூட்டின் மஸ்ரா பகுதியில் விதாத் கராமோடு தொடர்ந்து மூன்று மாதம் சண்டை போடாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் முனீர். அவர் செத்துப்போய்விட்டார். இன்னொருவர் முனையில் காய்கறி விற்கிறவர். அவருக்குக் காது கேட்காது.

அக்கம்பக்கத்தில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். பாதி உண்மைதான். அவளுக்கு நாக்கில் எலும்பு இல்லை, ஆனால் முதுகில் இரண்டு பேருக்கான எலும்பு இருந்தது. சாஹ்லேயில் பஸ் ஓட்டியவரின் மூன்றாவது மகள். பத்தொன்பது வயதில் தட்டச்சு வேலைக்கென்று தலைநகரத்துக்கு வந்து, அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் உட்கார்ந்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு பிரெஞ்சில் அறிக்கை அடிக்கிற வேலை. எந்த டாக்டராவது இடது நுரையீரலை வலது என்று சொல்லிவிட்டால், படத்தை வரவழைத்துப் பார்த்து, அவரையே போனில் கூப்பிட்டு, "நீங்க தூங்கிக்கிட்டே பேசுனீங்களா?" என்று கேட்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அடித்த அறிக்கையில் ஒரு பிழை கிடையாது. ஒரு சிநேகிதியும் கிடையாது. நாட்டின் பணம் படுத்து, மருத்துவமனை ஆட்களைக் குறைத்தபோது, முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது.

முனீர் அதே பிரிவில் படம் எடுக்கிறவர். அவர் பெய்ரூட்டு சுன்னி முஸ்லிம், இவள் சாஹ்லே கிறிஸ்தவச்சி. இந்த நாட்டில் அப்படிப்பட்ட இருவருக்குக் கல்யாணம் செய்துவைக்க அலுவலகம் கிடையாது. விமானம் ஏறி சைப்ரஸ் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். சாஹ்லேயில் அப்பா கதவைச் சாத்தினார். இங்கே முனீரின் அக்கா பஹீஜா கதவைச் சாத்தவில்லை, வாயைச் சாத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் தம்பி மனைவியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிள்ளை இல்லை. முனீர் இரண்டாயிரத்து இருபத்தொன்றில் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் வந்து நின்றது. வேறு மதத்துப் பெண்டாட்டிக்குப் புருஷன் சொத்தில் பங்கு இல்லை. பாதித் தவணை விதாத்தின் சம்பளத்தில் கட்டிய வீடு, பஹீஜாவுக்கும் குவைத்திலிருந்த தம்பிக்கும் போனது. தம்பி தன் பங்கை அக்காவுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். முனீர் இருக்கும்போதே எத்தனையோ பேர் சொன்னார்கள், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மதம் மாறிக்கொள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று. அவள் கோயிலுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றாள். பக்தியால் இல்லை, வீம்பால்.

துக்கத்தின் மூன்றாம் நாள், நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில், பஹீஜா சத்தமாகவே சொன்னாள்: "அவ இருந்துட்டுப் போகட்டும். விருந்தாளி மாதிரி."

விதாத் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தச் சொல்லுக்கு ஒருநாள் மன்னிப்புக் கேட்கவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். ஆனால் போக வேறு இடமில்லை. சாஹ்லே வீடு அண்ணன்களுடையது. மூன்று மாதம் கழித்துப் பஹீஜா பெட்டி படுக்கையோடு வந்து, "என் வீடுதானே" என்று முன்னறையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சமையலறை, ஒரு ஃப்ரிட்ஜ், அதில் மேல்தட்டு ஒருத்திக்கு, கீழ்த்தட்டு ஒருத்திக்கு. இரண்டு பெண்களும் இப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

அப்போதுதான் மொன்றியாலில் இருந்து அந்தக் கடிதம் வந்தது. அங்கேயும் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்கிறார்கள், அங்கேயும் யாராவது கேட்டு அடிக்கவேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், டாலரில் சம்பளம். பரீட்சையில் விதாத் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். மீதி இரண்டு மதிப்பெண்ணுக்காக அவர்களோடும் கடிதத்தில் சண்டை போட்டாள். எடுத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை: நிறுவனத்தின் மென்பொருளைத் தன் மடிக்கணினியில் நிறுவி, திங்கட்கிழமை, பெய்ரூட் நேரம் பகல் பன்னிரண்டு மணிக்குள் பெயரைப் பதிந்துவிட வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. பட்டியலில் எழுபது பேர் இருந்தார்கள். வேலை கிடைத்தால் ஃபுர்ன் எல் ஷுப்பாக்கில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தாள். கதவைத் தானே உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் நாட்டுக்கு மணி இரண்டாகப் பிளந்தது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது வழக்கம். அந்த வருடம் ரமலான். நோன்பு முடியும்வரை தள்ளவேண்டாம் என்று இரண்டு நாளுக்கு முன்னால் அரசாங்கம் திடீரென்று அறிவித்தது. தேவாலயங்கள் முடியாது என்றன. பள்ளிக்கூடங்களும் தொலைக்காட்சிகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. ஞாயிறு விடிந்தபோது ஒரே தெருவில் ஒரு கடையில் மணி எட்டு, எதிர்க்கடையில் ஒன்பது. மணி கேட்டால் மதத்தைக் கேட்டதாக ஆகிவிட்டது. இதில் குளிர்காய்ந்தவர் ஒருவர்தான், தெருவுக்கு மின்சாரம் விற்கிற ஜெனரேட்டர்க்காரர். போடும்போது அரசாங்க நேரத்துக்குப் போட்டார், அணைக்கும்போது தேவாலயத்தின் நேரத்துக்கு அணைத்தார்.

பஹீஜா வீட்டில் இருந்த அத்தனை கடிகாரத்தையும் அரசாங்கத்தின் பக்கம் வைத்தாள். விதாத் தன் கைபேசியை உலகத்தின் பக்கம் விட்டுவைத்தாள். ஞாயிறு காலையில் மடிக்கணினியைத் திறந்தால் எட்டு என்று காட்டியது, கைபேசி ஒன்பது என்றது. குவைத் தம்பியோடு முகம் பார்த்துப் பேசப் பஹீஜா அந்த மடிக்கணினியைத்தான் எடுப்பாள். சனிக்கிழமை இரவும் எடுத்திருந்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல யாரு கை வெச்சது?"

"நான்தான்" என்றாள் பஹீஜா, தஸ்பீஹ் மாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வீட்ல எந்த மணியோ, அதுதான் எல்லாத்துலயும்."

"வீடு உங்களுது. கம்ப்யூட்டர் என்னுது."

"வீட்டுக்குள்ளதானே இருக்கு."

விதாத் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய், மணியைத் தன் கையாலேயே ஒன்பதுக்குத் தள்ளினாள். தள்ளிவிட்டு, நோன்பு பிடித்தவளின் மூக்குக்கு நேரே போய் நின்று காபி காய்ச்சினாள். ஏலக்காய் இரட்டிப்பாகப் போட்டாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு மென்பொருளை இறக்கினாள். மளமளவென்று எல்லாம் நடந்தது. கடைசியில் மொன்றியாலிலிருந்து மின்னஞ்சலில் ஒரு சாவி எண் வரும், அதைப் பத்து நிமிடத்துக்குள் அடிக்கவேண்டும். வந்தது. அடித்தாள். திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது: 'இந்தச் சாவி காலாவதியாகிவிட்டது.'

வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொன்று கேட்டாள். அதுவும் காலாவதி. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் செத்தே பிறந்தது.

உதவி எண்ணில் அனீஸ் என்று ஒரு தூனிசியப் பையன் எடுத்தான். மொன்றியாலில் நள்ளிரவு தாண்டியிருந்தது. குரலில் தூக்கமும் பணிவும் சம அளவில் இருந்தன.

"அம்மா, முதல்ல ஒண்ணு பாத்துடுவோம். உங்க கம்ப்யூட்டர்ல மணி சரியா இருக்கா?"

"நிமிஷம் பிசகாம இருக்கு. கைபேசில எட்டு இருபது, இதுலயும் எட்டு இருபது. இந்த நாட்லயே சரியா இருக்கற மணி இது ஒண்ணுதான் தம்பி."

"சரிங்கம்மா, அப்ப அது இல்ல."

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னான். போட்டாள். காலாவதி. வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னான். காலாவதி. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்து, கணினியை அணைத்து ஏற்றச் சொன்னான். வீட்டு இணையத்தை விட்டுவிட்டுக் கைபேசி இணையத்தில் முயன்றார்கள். காலாவதி, காலாவதி. ஒன்பதரை மணிக்கு அனீஸ், "இது உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறும்மா. பக்கத்துல தெரிஞ்சவங்க யாரையாவது காட்டுங்க" என்றான்.

"இவ்வளவு நேரம் நீ தெரிஞ்சவன்னு நெனச்சுத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பேட்டையான பூர்ஜ் ஹம்மூதில் கணினி பழுதுபார்க்கிற சர்கீஸ் என்ற ஆர்மீனியரை முனீருக்குப் பழக்கம். அறுபது வயது, வாய் நிறைய எகத்தாளம். பத்தரைக்கு வருவதாகச் சொல்லிப் பத்தரைக்கே மொபெட்டில் வந்து நின்றார். கதவைத் திறந்த பஹீஜா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் ஒன்பதரை.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்க."

"எங்க பேட்டைல நேரத்துக்குத்தான் கெளம்புனேன்" என்றார் சர்கீஸ். "நடுவுல பாலத்துக்கு இந்தப் பக்கம் உங்க அரசாங்கம் ஒரு மணி நேரத்தைத் திருடிருச்சு. என்னைக் கேட்டா?"

பஹீஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்கீஸ் விதாத்தின் அறையில் உட்கார்ந்து அனீஸ் செய்த அத்தனையையும் திரும்பச் செய்தார். விதாத் பக்கத்தில் நின்று, இதைப் பார்த்தாச்சு, அதைப் பார்த்தாச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"மதாம், நீங்க பாத்ததுனாலதான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. கொஞ்சம் உக்காருங்க."

பதினொன்றுக்கு மின்சாரம் போனது. மடிக்கணினியின் பேட்டரி நாற்பது சதவீதம் என்றது. பழைய பேட்டரி, நாற்பது என்றால் இருபது. விதாத் சிகரெட் பற்றவைத்தாள்.

பதினொன்று பத்துக்குச் சர்கீஸ் மணி அமைப்பைத் திறந்தார். வெறுமனே திறந்தார், கடைசியாகப் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான் என்பதால். திரையில் ஊர் என்று இருந்த இடத்தில் பெய்ரூட் இல்லை. கெய்ரோ என்று இருந்தது.

"இந்தப் பெட்டி எப்ப எகிப்துக்குப் போச்சு?"

விதாத் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், இரண்டு வருடமாக அடைத்துவைத்திருந்த மடை உடைந்தது. கூடத்துக்குப் போனாள். பஹீஜாவோடு எதிர்வீட்டு அம்மாளும் உட்கார்ந்திருந்தாள்.

"கெய்ரோன்னு வெச்சது நீங்கதானே?"

"ஆமா. தம்பி பையன் போன்ல சொன்னான். மணியைத் தொடாத அத்தை, ஊரை மட்டும் கெய்ரோன்னு மாத்து, மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னான்."

"ஒண்ணும் ஆகாதா? காலையில எட்டு மணியிலேருந்து செத்துக்கிட்டு இருக்கேன். என் வேலை போகப்போகுது. வீட்டைப் புடுங்குனீங்க. புருஷன் செத்த வீட்ல என்னை விருந்தாளின்னீங்க. சரி, போயிடறேன்னு ஒரு வழி தேடுனா, அதுலயும் மண்ணள்ளிப் போடறீங்க. நோம்பு புடிக்கறது வயித்துக்கு மட்டும்தானா?"

எதிர்வீட்டு அம்மாள் செருப்பைத் தேடினாள். பஹீஜாவின் உதடு வெளுத்துவிட்டது. எழுபது வயதுவரை அவளை யாரும் இப்படிப் பேசியதில்லை. "எனக்குத் தெரியாது" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது." எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விதாத் திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷமாகவே இருந்தது. இவ்வளவு நாளில் முதல்முறையாகக் கையில் ஓர் ஆதாரத்தோடு திட்டியிருக்கிறாள்.

சர்கீஸ் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"மதாம், கெய்ரோவால ஒண்ணும் கெடல."

"என்ன?"

"அந்தம்மா செஞ்சது சரியான வேலை. ஊரை மாத்துனா பெட்டி தானா கணக்குப் போட்டுக்கும். கெய்ரோல மணி எட்டு, பெய்ரூட்ல ஒம்பது, அதுக்குத் தெரியும். அப்படியே விட்டிருந்தா சாவி முதல் தடவையே எடுத்திருக்கும்." அவர் திரையில் விரலை வைத்தார். "அதுக்கப்புறம் யாரோ கையால ஒரு மணி நேரம் தள்ளியிருக்காங்க. இப்ப கெய்ரோல பதினொண்ணேகால்னு இது நம்புது. கெய்ரோல பத்தேகால்தான். பாக்கறதுக்கு நம்ம மணியோட ஒத்துப்போகுது, ஆனா உள்ளுக்குள்ள இந்தப் பெட்டி உலகத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுது. மொன்றியால்ல இப்ப அனுப்பற சாவி, இதுக்கு ஒரு மணி நேரத்துப் பழைய சாவி. பத்து நிமிஷச் சாவி எப்படித் தாங்கும்?"

விதாத் திரைப்பக்கம் குனிந்து மணியைப் பார்த்தாள்.

"யாரு தள்ளுனது?"

சிகரெட் சாம்பல் தரையில் விழுந்தது. அவள் குனிந்து துடைக்கவில்லை.

"சரி" என்றார் சர்கீஸ். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை எங்க ஊர்லயும் உண்டு." ஊரைப் பெய்ரூட் என்று மாற்றினார், மணியைத் தானாக ஓடும்படி விட்டார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை. "சாவி கேளுங்க."

கேட்டாள். இணையப் பெட்டி சின்ன பேட்டரியில் மினுக்கிக்கொண்டிருந்தது. மின்னஞ்சல் வர ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் சர்கீஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஏதோ ஆர்மீனியப் பாட்டை முணுமுணுத்தார். சாவி வந்தது. பச்சைக் கட்டம் எழுந்தது: 'வருக, விதாத் கராம்.' பதினொன்று இருபத்தெட்டு. அடுத்த நான்காவது நிமிடத்தில் பேட்டரி செத்துத் திரை கறுத்தது. பரவாயில்லை, பெயர் பதிவாகிவிட்டது. கைபேசிக்கு வாழ்த்துக் கடிதமும் வந்துவிட்டது.

விதாத் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒற்றை அறை, உள்ளிருந்து பூட்டுகிற கதவு, எல்லாம் இனி அவளுடையது. காலையிலிருந்து இந்த நிமிடத்துக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் காதில் கேட்டதெல்லாம் பக்கத்து அறையில் சாத்திய கதவின் சத்தம்தான்.

"அந்தம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று சர்கீஸ் பையை மூடிக்கொண்டே கேட்டார்.

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கூலியை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

சொல்லவேண்டும் என்றுதான் விதாத் எழுந்தாள். அதில் பொய் இல்லை. கூடத்துக்கு வந்தபோது பஹீஜா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள், தலைத்துணி சரியாகக் கட்டாமல், கண் சிவந்து. அழுதிருக்கிறாள். இவள் அழுது விதாத் பார்த்தது முனீரின் உடலைத் தூக்கிய அன்று மட்டும்தான்.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வேலை?"

"கெடச்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்." பஹீஜா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கோளாறு என்னாலதானா, விதாத்?"

பெயரைச் சொல்லிவிட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறை. இல்லை, என்னால்தான் என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொன்னால், கூடத்தில் எதிர்வீட்டுக்காரி முன்னால் கத்தியது எல்லாம் தன் தலையில் விழும். வீடும் விருந்தாளியும் அதோடு சேர்ந்து பொய்யாகிவிடும், இவள் இல்லாததைச் சொல்கிற பெண் என்று முடிந்துவிடும். அவற்றில் ஒன்றும் பொய் இல்லை. மணி மட்டும்தான் பொய்.

"ஆமா" என்றாள் விதாத். "உங்களாலதான்."

பஹீஜா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மன்னிச்சுக்க. நோம்பு வாயோட கேக்கறேன், மன்னிச்சுடு."

"சரி, விடுங்க."

"இல்ல, விட முடியாது. நான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும்." அவள் குரல் தெளிந்துவிட்டிருந்தது, பாரத்தை இறக்கிவைத்தவளின் குரல். "உள்ள உக்காந்து யோசிச்சுப் பாத்தேன், விதாத். நீ இந்தக் குடும்பத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அத்தனை வருஷத்துல உனக்கு நான் செஞ்ச அநியாயம் இது ஒண்ணுதான்."